புதுத்துணி கூடாத நாட்கள்

சேலையூர்
28-8-2023

ரோஹிணிக்கு,

மன்னியின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன்மேல் எனக்கு இருக்கிற கோபமும் சௌக்கியமாகவே இருக்கிறது.

நேற்று நீ மலையை விட்டு இறங்கி, டவர் கிடைத்த இடத்திலிருந்து போன் பண்ணினாய். உன் அண்ணா வழக்கம்போல ஸ்பீக்கரைப் போட்டார். போனைக் காதில் வைத்துப் பேச அவருக்கு வருவதே இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீயும் எடுத்த எடுப்பில், "மன்னி, சுப்ரஜாவுக்குக் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல ஒரு டெஸ்ட் பண்ணச் சொல்லணும்" என்று ஆரம்பித்தாய். கூடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? சம்பந்தி ஞானாம்பாள் மாமி. பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிற மாட்டுப்பெண்ணுக்கு வாய்க்கு ருசியாக மனோகரம் பண்ணிக்கொண்டு கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். "குக்கர் விசில் அடிக்கறது, அப்புறம் பேசறேன்" என்று நான் போனைப் பிடுங்கி வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை. மாமி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அதனால்தான் இந்தக் காகிதம். நீ டாக்டருக்குப் படிக்க வேலூர் ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்தே நமக்குக் காகிதம்தான் சரிப்படும். இதற்கு ஸ்பீக்கர் கிடையாது.

உன் அண்ணாவின் ரத்தத்தில் அந்த ஜி-சிக்ஸ் குறைச்சல் இருப்பது, நீ ஒரு பொங்கலுக்குப் புது மெஷினோடு வந்து வீட்டில் எல்லார் விரலையும் குத்தினாயே, அப்போது தெரிந்தது. சின்ன வயதில் மலேரியா மாத்திரை சாப்பிட்டு அவர் மஞ்சளாய்ப் போனது இதனால்தான் என்றாய். சரி. எந்தெந்த மாத்திரை அவருக்கு ஆகாது என்று நீ எழுதிக் கொடுத்ததை சுவாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. அவரும் ரிடையர் ஆகிற வரைக்கும் ஒரு குறையுமில்லாமல் ஓடிவிட்டார். பிறக்காத குழந்தை மேல் அந்தப் பேரை இப்போது எதற்கு ஒட்ட வேண்டும்? கல்யாணம் பேசும்போது இதைச் சம்பந்தியிடம் நாம் சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. இப்போது சொன்னால் மறைத்தோம் என்றுதான் ஆகும். சுப்ரஜா அந்த வீட்டில் வாழ வேண்டியவள்.

மாடம்பாக்கம் அம்பாளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவள் பார்த்துக்கொள்வாள். நீ உன் ஒடிசா மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் தனிப் பார்சலில் வருகின்றன. கோபமாக இருந்தபோது இடித்த பொடி. காரம் கூடியிருந்தால் நான் பொறுப்பில்லை.

மன்னி
அபிதகுஜாம்பாள்

கோராபுட்
11-9-2023

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம்.

காரம் கூடித்தான் இருக்கிறது. எங்கள் ஜீப் டிரைவர் கண்ணில் ஜலம் விட்டுக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

மாமி கூடத்தில் இருந்தது எனக்குத் தெரியாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்ட விஷயத்துக்கு இல்லை.

மன்னி, சுப்ரஜா அண்ணாவின் பெண். அண்ணாவிடம் இருக்கிற இது அவளிடம் நிச்சயம் இருக்கும், ஒளிந்துகொண்டு. அவளை ஒன்றும் செய்யாது. பிறப்பது பிள்ளைக் குழந்தையானால், அவனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் பயமில்லை, சேராததைத் தள்ளி வைத்தால் எல்லாரையும் போல நூறு வயசு இருப்பான். ஆனால் இருக்கிறதென்று தெரிந்தால்தானே தள்ளி வைக்க முடியும்? தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

இங்கே சுக்ரி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் மகனுக்கு மலேரியா மூன்றாம் தடவையாக வந்திருக்கிறது. இந்த வகை மலேரியா போனதுபோல் போய் ஈரலில் படுத்துக்கொள்ளும், பிறகு எழுந்து வரும். அதை அடியோடு கிளப்ப ஒரு மாத்திரை இருக்கிறது. அண்ணாவுக்கு ஆகாமல் போனது அதுதான். ரத்தத்தில் இந்தக் குறை உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உடைந்துவிடும். ஆகவே விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்காமல் நாங்கள் கொடுப்பதில்லை. சுக்ரியோ விரலைத் தொட விடுவதில்லை. "குறைன்னு வந்தா என் மாமியார் அது என் பொறந்த வீட்டு ரத்தம்னு சொல்லுவா" என்கிறாள். உங்களுக்குக் குக்கர் விசில் மாதிரி அவளுக்குக் கோழி. எங்கள் ஜீப் சத்தம் கேட்டால், கோழியைப் பிடிக்க மலையேறிவிடுவாள்.

ஊர் ஊராகப் போய் அடுத்த வீட்டுக்காரிகளிடம் சொல்கிறதை என் வீட்டில் சொல்ல முடியவில்லை. இனி வற்புறுத்த மாட்டேன். முடிவு உங்களுடையது.

நாளை மறுபடி மேலே போகிறோம். ஒரு மாதம் டவர் கிடைப்பது சந்தேகம்.

ரோஹிணி

சேலையூர்
4-10-2023

ரோஹிணிக்கு,

"முடிவு உங்களுடையது" என்று எழுதியிருக்கிறாய். நீ ஆறாம் கிளாஸ் படிக்கும்போது நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உன் இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் நானும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். அன்றைக்கும் எனக்குப் புரியாவிட்டால், "சரி மன்னி, விடுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அந்த முகம் இந்த வரியில் தெரிகிறது.

யோசித்துப் பார்த்தேன். பிறந்தவுடன் வேண்டாம். பதினொன்றாம் நாள் புண்ணியாகவாசனம் ஆகட்டும், பேர் வைக்கட்டும், மாமி வீட்டில் எல்லாரும் குழந்தையை ஒரு தரம் ஆசை தீர எடுத்துக் கொஞ்சட்டும். அதன்பிறகு நீயே வந்து விரலைக் குத்து. நானே மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். இது போதுமா?

பிரசவ ஏற்பாடெல்லாம் ஆயிற்று. ஆஸ்பத்திரிப் பை கட்டி வைத்தாயிற்று. பதினொன்றாம் நாள் வரை குழந்தைக்குப் புதுத்துணி கூடாதல்லவா, அதனால் நேற்று உங்கள் அம்மாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். அம்மா போனபின் அதைத் திறந்ததே இல்லை. திறந்ததும் அம்மா வாசனை. உன் அண்ணா பக்கத்தில் வந்து ஒரு மடிப்பைத் தடவிவிட்டுப் போனார். ஒன்பது கஜம் எல்லாம் ஒரு நூல் அரிக்காமல் அப்படியே இருக்கிறது. சுங்குடியை விரிப்புக்கும், மற்றதைச் சுற்றுவதற்கும் வைத்திருக்கிறேன். அப்பாவின் வேஷ்டி இரண்டைக் கிழித்துத் துண்டு போட்டேன். அலசி வீட்டுக்குள்ளேயே கொடியில் போட்டேன், மழை விடவில்லை. நீ பிறந்தபோதும் இப்படி ஒரு புடவையில்தான் கிடந்திருப்பாய்.

முகத்தைத் திருப்பாமல் பதில் எழுது.

மன்னி

சேலையூர்
22-10-2023

ரோஹிணிக்கு,

பேரன் பிறந்ததும் அவனுக்கு வந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் போன் பாதியில் அறுந்துபோனதால், அதற்கப்புறம் இங்கே நடந்தது தெரியாது. குழந்தையை நேற்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். முதலில் அதைப் படித்து மூச்சு விடு. பிறகு மற்றதைப் படி.

பிறந்து நாலாம் நாள் காலையில் குளிப்பாட்டும்போது பார்த்தேன், கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் வரும் என்று வெயிலில் காட்டினேன். சாயங்காலத்துக்குள் பாதம் வரை மஞ்சள். பால் குடிக்க எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. கேம்ப் ரோடு பக்கம் குழந்தை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீல விளக்கின் கீழே போட்டார்கள். கண்ணைக் கட்டி, ஒட்டுத்துணி இல்லாமல், கோழிக்குஞ்சு மாதிரி கிடந்தான். மறுநாளும் இறங்கவில்லை. "ஏறிண்டே போறது. இப்படியே போனா ரத்தத்தை மாத்த வேண்டியிருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னாள். ஏன் ஏறுகிறதென்று அவர்களுக்கும் பிடிபடவில்லை. பால் கொடுக்க எடுக்கும்போதெல்லாம் நான்தான் சுற்றிக்கொடுத்தேன். அம்மாவின் புடவையில்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். நான் வராந்தாவில் நின்றேன். உன் அண்ணா ஸ்பீக்கரைப் போட்டார். சம்பந்தி மாமி, மாப்பிள்ளை ராகவேந்திரா எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

மஞ்சள் என்றதும் நீ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாய். "என்ன மருந்து குடுத்தேள்? மூலிகை ஏதாவது? சுப்ரஜா என்ன சாப்பிட்டா? என்ன எண்ணெய் தடவினேள்?" ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாஸ்திரப்படி ஒரு புதுத்துணிகூட மேலே படவிடலைடி" என்றேன்.

நீ குறுக்கிட்டாய். "பழைய துணி எங்கேர்ந்து எடுத்தேள்?"

"அம்மா பெட்டியிலேர்ந்து."

"பெட்டிக்குள்ள பாச்சை உருண்டை போட்டிருக்கா?"

போடாமல் எப்படி ரோஹிணி? ஒவ்வொரு மடிப்புக்கும் அம்மா தன் கையால் போட்டது. அதைத்தான் நான் அம்மா வாசனை என்று எழுதினேன்.

நீ கத்தினாய். "அதை எடுத்து வெளில எறியுங்கோ மன்னி. எல்லாத்தையும். அண்ணாவோட ரத்தக்குறை குழந்தைக்கு வந்திருக்கு, அந்த நாப்தலின் உருண்டை ஆகவே ஆகாது. ஜி-சிக்ஸ்-பிடின்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கோ, இப்பவே." அதோடு லைன் போய்விட்டது. உன் குரல் மட்டும் வராந்தாவில் நின்றது.

டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மாத்திரைப் பேரெல்லாம் சுவாமி அலமாரியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம், அதையும் ஒப்பித்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நீ சொன்னதுதான். துணியை எல்லாம் அகற்றினோம். மறுநாள் காலை ஏறுவது நின்றது, அதற்கு மறுநாள் இறங்க ஆரம்பித்தது. ரத்தம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அம்பாள் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். டவர் இல்லாத மலையில் அன்றைக்கு உனக்கு எப்படி டவர் கிடைத்தது என்று நீ சொல், பார்க்கலாம்.

மாமி அன்றைக்கே போய்விட்டாள். நான் வாங்கி வைத்த காபியைத் தொடவில்லை. "மாமி, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "குழந்தை தேறட்டும்" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு போன் இல்லை. மாப்பிள்ளை மட்டும் தினம் வருகிறான், என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான். சுப்ரஜா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அவா வருவாளாம்மா?" என்று கேட்கிறாள்.

என் கையால் சுற்றினேன். அதை நினைத்தால் சாதம் இறங்கவில்லை.

மன்னி

கோராபுட்
1-11-2023

என் மன்னிக்கு,

முதலில் சாதம் சாப்பிடுங்கள்.

உங்கள் அக்டோபர் நாலாம் தேதிக் கடிதம் இங்கே ஆபீஸ் மேஜையில் கிடந்தது. மலையிலிருந்து இறங்கியபின்தான் படித்தேன். "திறந்ததும் அம்மா வாசனை" என்ற வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். எனக்கும் அந்த வாசனைதான் அம்மா. அவள் மடியில் படுத்தால் அதுதான் அடிக்கும்.

தப்பு யாருடையது என்று நாம் சண்டை போடப்போகிறோம் என்றால், நான் முந்திக்கொள்கிறேன். அண்ணாவுக்கு எழுதிக் கொடுத்ததில் மாத்திரைகளை மட்டும் எழுதினேன். பாச்சை உருண்டை சேராது என்பது எனக்குத் தெரியும். அண்ணா எங்கே அதை வாயில் போட்டுக்கொள்ளப்போகிறார் என்று விட்டுவிட்டேன். பிறந்த குழந்தைக்கு அந்த ஆவி துணி வழியாகவே தோலுக்குள் போகும். அதையும் செப்டம்பர் கடிதத்தில் எழுதியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொள்வதில் குறியாக இருந்துவிட்டேன். நீங்கள் சாஸ்திரப்படி செய்தீர்கள். பழந்துணி மெத்தென்று இருக்கும், குழந்தையை உறுத்தாது. அந்த வழக்கத்தில் ஒரு பிசகும் இல்லை. பிசகு உருண்டையில்.

அப்படிக் கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள். பாறை மேல் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேதான் இரண்டு கோடு டவர் வரும். அம்பாள் அந்தப் பாறையில் இருக்கிறாள் என்றால் நான் சிரிக்க மாட்டேன்.

மாமியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். குறை, தோஷம் என்று சொல்லாதீர்கள், மன்னி. மலேரியாவில் ஊர் ஊராகச் செத்த காலத்தில், இந்த ரத்தம் உள்ளவர்களைக் காய்ச்சல் அவ்வளவாக அடிக்கவில்லை. பிழைத்தவர்கள் பிள்ளை பெற்றார்கள். அப்படித்தான் இது இத்தனை பேரிடம் தங்கியிருக்கிறது. அம்மாவிடமிருந்து கொள்ளுப்பேரன் வரைக்கும் இறங்கி வந்த கவசம் இது. கவசத்துக்கு ஒரு இடுக்கு உண்டு. அங்கே காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். சுக்ரி இன்னும் கோழி பிடிக்கிறாள். "உங்க வீட்டிலே யாருக்காவது இருக்கா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். நம் குழந்தையைப் பற்றி அவளிடம் சொல்லலாமா? நீங்கள் வேண்டாமென்றால் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல் கேட்கிறேன்.

ரோஹிணி

சேலையூர்
18-11-2023

ரோஹிணிக்கு,

நேற்று புண்ணியாகவாசனம் ஆயிற்று. பதினொன்றாம் நாள் நடக்க வேண்டியது, ஆஸ்பத்திரியால் தள்ளிப்போய், வாத்தியார் நாள் பார்த்துச் சொல்லி நேற்று. அரிகிருஷ்ணன் என்று மாப்பிள்ளையின் தாத்தா பேர்.

அதற்குள் இங்கே நடந்த கூத்தைக் கேள். பெட்டித்துணி போனபின் குழந்தைக்குச் சுற்றப் பழந்துணி வேண்டுமே. ராகவேந்திரா தன் பழைய காட்டன் சட்டைகளைக் கொண்டுவந்து போட்டான். கிழித்துச் சுற்றினோம். ஒரு துண்டில் பாக்கெட் இருந்தது, சுப்ரஜா எடுக்க விடவில்லை. பேரன் ஒரு மாதமாக ஆபீஸுக்குக் கிளம்பினவன் மாதிரியே கிடந்தான்.

தீபாவளிக்கு மறுநாள் நான் கூடுவாஞ்சேரிக்குப் போனேன், தனியாக. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகும்போது நீ எழுதியதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனேன், கவசம், இடுக்கு எல்லாம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரோஹிணி, உன் பேர்தான், "மாமி காஞ்சிபுரம் போயிருக்காங்க" என்றாள். திரும்பி வந்தேன். விசேஷத்துக்கு வரமாட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை, வாத்தியார் வருவதற்கு முன்னால், வாசலில் ஆட்டோ. மாமி இறங்கினாள். கையில் வெள்ளித்தட்டுக்குப் பதில் ஒரு துணிப்பை. கூடத்துக்கு வந்து, உட்காராமல், பையிலிருந்து ஒரு நூல் புடவையை எடுத்தாள். ஒன்பது கஜம், அரக்கு நிறம் வெளுத்துக் காவியாகிவிட்டது.

"மோந்து பாருங்கோ" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மோந்தேன். வெயில் வாசனை மட்டும்தான்.

"எங்க மாமியாரோடது. தூளிக்கு. மழை விட்ட போதெல்லாம் மொட்டை மாடில போட்டேன். காக்கா அசிங்கம் பண்ணித்து, மறுபடி தோய்ச்சேன். இவர் என்னைப் பைத்தியம்னார். வீட்டுல பீரோ, பாத்ரூம், வாஷ்பேசின் எங்க உருண்டை இருந்தாலும் வாரிக் கொட்டிட்டேன். என் பேரன் தவழ்ந்து வர்ற வீடு."

எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "மாமி, மறைக்கணும்னு இல்லை. ரத்தத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னா நீங்க என்ன நினைப்பேளோன்னு..."

"ரத்தத்தைப் பத்தி எனக்கு என்ன கோபம்? எங்க வீட்டுல எல்லாருக்கும் சக்கரை. கல்யாணத்தும்போது நான் சொன்னேனா?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்குக் குக்கர்னேளே, அடுப்புல குக்கரே இல்லை. பார்த்தேன். அப்பவே கேட்டிருக்கணும். சம்பந்தியாத்துல கேக்கப்படாதுன்னு நான் வாயை மூடிண்டேன். சொல்லப்படாதுன்னு நீங்க மூடிண்டேள். நடுவுல குழந்தை கிடந்தது."

ஆட்டோவில் ஒப்பித்த கவசம் எல்லாம் மறந்தே போயிற்று. சுவாமி அலமாரியைத் திறந்து, கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசியில் பாச்சை உருண்டையை நான் பெரிய எழுத்தில் சேர்த்திருந்தேன். "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கோ. சமையலறையில ஒட்டறேன். வர்றவா போறவா எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

பேர் வைத்து, புதுத்துணி போட்டோம். மாமியின் புடவையில் தூளி கட்டினோம். படுத்ததும் தூங்கிவிட்டான்.

அம்மாவின் புடவைகளை எறிய மனசு வரவில்லை, ரோஹிணி. கோபிக்காதே. குழந்தை இருக்கிற பக்கமே வராமல், மொட்டை மாடியில் காற்றாட விட்டிருக்கிறேன். வாசனை போனால், அவனுக்கு வேண்டாம், நீ வரும்போது உனக்குப் போர்த்திக்கொள்ள. பெட்டியை வெந்நீர் விட்டுத் தேய்த்து வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்திருக்கிறேன். வசம்பைக் குழந்தைக்கு உரசி நாக்கில் தடவ மாட்டேன், அதற்கும் நீ கத்துவாய் என்று தெரியும்.

சுக்ரியிடம் சொல். எல்லாவற்றையும் சொல். குக்கரையும் விட்டுவிடாதே.

மன்னி

கோராபுட்
29-11-2023

மன்னிக்கு நமஸ்காரம்.

நேற்று சுக்ரியிடம் சொன்னேன். இந்தத் தடவை ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து போனதால், கோழிக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவள் மாமியார் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கிழவிக்குக் காது மந்தம். நாங்கள் உள்ளே உட்கார்ந்து பேசினோம்.

என் பாஷை அரைகுறை. புடவைப் பெட்டி வந்ததும் சுக்ரி நிறுத்தினாள்.

"உடுத்தாம பெட்டியிலே பூட்டி வைப்பீங்களா? பூச்சிக்கு மருந்து போட்டு?"

ஆமாம் என்றேன்.

"இருக்கிறதை உடுத்தினா பூச்சி எப்படி வரும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் பதில் வைத்திருந்தால் எழுதுங்கள்.

குழந்தை மஞ்சளானதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டாள். மாமி காபி குடிக்காமல் போனதைச் சொன்னபோது, "அப்புறம்?" என்றாள். குக்கர் என்றால் என்ன என்று விளக்குவதற்குத்தான் நேரம் ஆயிற்று. எல்லாம் முடிந்ததும் மகனை இழுத்து மடியில் உட்கார்த்தி, அவன் விரலை விரித்து நீட்டினாள்.

அவனுக்கும் இருக்கிறது, மன்னி. ஆகவே அந்த மாத்திரையைத் தினமும் கொடுக்காமல், வாரத்துக்கு ஒன்றாக, நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கொடுப்போம். தேறிவிடுவான்.

மார்கழி பிறந்ததும் ரயிலேறுகிறேன். அம்மா புடவையை எனக்காக வெயிலில் வையுங்கள்.

கிளம்பும்போது சுக்ரி என்னை நிறுத்தி, "அந்தக் குழந்தை இப்ப எதுலே தூங்கறான்?" என்று கேட்டாள். "அவன் அப்பாவைப் பெத்தவள் கொண்டுவந்த புடவையில்" என்றேன். அவள் வாசலுக்குப் போய், மாமியாரின் காதருகே குனிந்து, இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் கேட்கும்படி, முதலிலிருந்து உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.

ரோஹிணி